பஞ்சாயத்து கொடுத்த இடம்

அடையாறுக்குத் தெற்கே இருக்கும் எங்கள் பேட்டை, சென்னையோடு சேர்வதற்கு முன் தனிப் பஞ்சாயத்து. தலைவர், தண்டோரா, தெருவிளக்கு போட ஓர் ஆள் என்று எல்லாம் இருந்தது. மயிலாப்பூருக்கு பஸ் ஏறினால்கூட 'மெட்ராஸுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவோம். நகரத்தோடு சேர்த்தபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பெயர்ப் பலகை மாறியதுதான் மிச்சம். தண்ணீர் லாரி பழையபடி இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வந்தது.

போன மாதம் நோட்டீஸ் வந்தது. எங்கள் தெரு பழைய குளத்தின் மேல் இருக்கிறதாம். பஞ்சாயத்து இடம் ஒதுக்கியதற்கு ஆதாரம் காட்டுகிறவர்கள் இருக்கலாம், மற்றவர்கள் காலி செய்ய வேண்டும். முதலில் நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. "இது பஞ்சாயத்து குடுத்த எடம்" என்று அம்மா சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் நான். பெட்டியைக் கவிழ்த்துத் தேடியும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடைக்காதபோதுதான் நோட்டீஸை மறுபடி எடுத்துப் படித்தேன். அப்பா இருந்தால் கேட்கலாம். அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது.

ஆதாரம் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். தி.நகரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில் அரை நாள் லீவு கேட்டு, சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, அம்மாவை ஆட்டோவில் ஏற்றி வார்டு ஆபீசுக்குப் போனேன். பழைய பஞ்சாயத்துக் கட்டடமேதான் அது. மணி நாலரை. ஐந்தரைக்குள் மனுவும் ஆதாரமும் கொடுத்தாக வேண்டும்.

அப்பாவின் பெயரைச் சொன்னதும் கிளார்க் பீரோவிலிருந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். பஞ்சாயத்துக் கூட்டத்தில் எடுத்த முடிவுகளையெல்லாம் எழுதிவைத்த தீர்மானப் புத்தகம். நாய் பிடிப்பது, குளத்து மீன் ஏலம், சுடுகாட்டுக்குப் பாதை என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் படித்துக்கொண்டே போனார்.

"சார், கதை படிக்கிற நேரமா இது? மணி அஞ்சு ஆவுது" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்து, நோட்டை என் பக்கம் திருப்பினார். அப்பாவின் பெயர் இருந்தது. ஆகா என்று நிமிர்ந்தேன். பிறகுதான் மீதியைப் படித்தேன். அனுமதியில்லாமல் குளக்கரையில் குடிசை போட்டவர் அவர். மனைவி நிறைமாதமாக இருப்பதாக முறையிட்டதால் பிரசவம் முடியும் வரை மட்டும் இருக்கலாம். அதன்பின் குடிசையை அகற்ற வேண்டியது.

அந்த வயிற்றில் இருந்தது நான்தான். நான் பிறந்த அன்றே எங்கள் அனுமதி முடிந்துவிட்டது.

அந்தப் பக்கத்தைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிடலாமா என்று இருந்தது. கிழித்தால் நாங்கள் அங்கே இருந்ததற்கே சாட்சி இல்லை. விட்டால் இருந்ததே குற்றம்.

"இன்னாடி, குடுத்தோம்னு எழுதிக்கீதா?" அம்மா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பொய் சொல்ல வாய் வரவில்லை. படித்துக் காட்டினேன்.

"அப்புறம்?"

"அவ்ளோதாம்மா."

"நீ பொறந்த பத்தாம் நாளு கடப்பாறையோட வந்தானுங்கோ. உன்னத் தூக்கிக்கினு வாசப்படிய மறிச்சிக்கினேன். தலைவரு பாத்தாரு. 'இருந்துட்டுப் போ'ன்னு சொல்லிட்டு எல்லாரையும் கூட்டிக்கினு பூட்டாரு. அது எழுதலையா?"

அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். தெருவிளக்குக்கு பல்பு வாங்குவது பற்றி எழுதியிருந்தது. அதற்கடுத்த பக்கங்களையும் பார்த்தேன். பல்புக்கு இடம் இருந்த புத்தகத்தில் என் அம்மாவுக்கு ஒரு வரி இல்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

"சார், ஒரு வெள்ளைப் பேப்பர் குடுங்க."

"அம்மா வாய்ல சொல்றது ஆதாரத்துல சேராதும்மா. வீடு நிக்காது."

"தெரியுது சார். குடுங்க."

மணி ஐந்து இருபது. அம்மா சொன்னதை எழுதினேன். கைரேகை வைக்க மைப்பெட்டியை நீட்டினார் கிளார்க். முதலில் படித்துக் காட்டச் சொன்னாள் அம்மா. 'பத்து நாள் குழந்தையோடு வாசலில் நின்றேன்' என்ற இடத்தில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நிக்கலடி, ஒக்காந்துக்கினு இருந்தேன். அப்போ என்னால நிக்க முடியாது."

'நின்றேன்' என்பதை அடித்துவிட்டு, 'உட்கார்ந்திருந்தேன்' என்று திருத்தினேன். அதன் பிறகுதான் அவள் கட்டைவிரலை வைத்தாள்.