கலசத்து வரகு

அடுத்த வீட்டுச் சத்தியபாமா அக்கா எங்கள் தீவுக் கிராமமான கரம்பொன்னில் வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்கிறவ. பியரை முகர்ந்தும் பார்த்ததில்லை. அவவின் தங்கை மகன் வாகீசன் ரொறன்ரோவில் சொந்தமாகப் பியர் காய்ச்சி விற்கிறான். போன வருடம் ஒருநாள், "பெரியம்மா, தீவில விளைஞ்ச பழைய வரகு தேடித் தாங்கோ, அதில பியர் காய்ச்சப் போறன்" என்றான். எனக்குப் பியரும் பிடிக்காது, வாகீசனையும் பிடிக்காது. அக்காவுக்கோ மறுக்கத் தெரியாது.

காரைநகர் வரை கேட்டுத் திரிந்தா. கடைகளில் இருந்ததெல்லாம் உமி நீக்கித் தீட்டிய வரகு, அது முளைக்காது; முளைக்காத தானியத்தில் பியர் காய்ச்ச ஏலாதாம். பிறகு கோயில் திருத்த வேலைக்காகக் கோபுரக் கலசத்தை இறக்கினார்கள். உள்ளே உமியோடு வரகு! "ஊர் விதை அழியக்கூடாது ஐயா" என்று சொல்லி ஐயரிடம் ஒரு பிடி வாங்கினா. பொய்யில்லை. பியர் என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை.

ஐப்பசியில் விதைத்தது மாசியில் ஒரு பனையோலைக் கடகம் நிறையக் கண்டது. அன்றைக்கே வாகீசன் போன் எடுத்து முழுவதையும் அனுப்பச் சொன்னான். அக்கா போனை வைக்க, ஐயர் வாசல் படலையில் நின்றார்.

"பிள்ளை, புதுக் கலசம் நிரப்ப உம்மடை வரகு வேணும்."

அக்கா குழம்பிப்போய்க் கேட்டா: "ஐயா, அதை ஏன் கலசத்துக்குள்ளை வைக்கிறது?"

"பஞ்சம் வந்தால் எடுத்து விதைக்க."

ஐயர் போனபிறகு அக்கா என்னைப் பார்த்தா.

"பஞ்சம் வரேல்லையே. வாகீசனெல்லோ வந்தவன்?"