இரண்டாவது மாடிக்கு ஒரு தொலைநோக்கு

எங்கள் சின்ன முதலாளிக்கு எங்களைப் பார்த்து ஒரு நாள் பெரிய கவலை வந்துவிட்டது. தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை, மாடிக்கு ஒரு சூப்பர்வைசர். எங்களில் ஒருவருக்குக்கூட விஷன் இல்லையாம். பெரியவர் காலையில் வந்தால் சரக்கு வந்ததா, ஆள் வந்தாச்சா என்று இரண்டு கேள்வியோடு விட்டுவிடுவார். பிள்ளை வெளியூரில் மேல்படிப்பு முடித்து வந்தவர். நான் இரண்டாவது மாடி, காட்டன் சேலைப் பிரிவு. பதினாறு வருஷம் கவுன்டருக்குப் பின்னால் நின்று, கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு, அதற்கப்புறம் சூப்பர்வைசர் ஆனவள். இத்தனை நாள் விஷன் இல்லாமல் எப்படித்தான் குப்பை கொட்டினேனோ.

முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். மேடையில் முந்தின நாள் பூ அலங்காரம் வாடிக் கிடந்தது. அதன் நடுவே, மாப்பிள்ளை நிற்க வேண்டிய இடத்தில், கோட்டு போட்ட ஒரு பயிற்சியாளர் நின்றார்.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு லீடரா உங்களை நீங்களே பாருங்க" என்றார்.

பாவம், ஆள் தெரியாமல் சொல்லிவிட்டார். ஏசி போட்டு, நாற்காலி கொடுத்து, கண்ணையும் மூடச் சொன்னால் ஜவுளிக்கடைக்காரர்கள் வேறென்ன செய்வார்கள்? ரெடிமேட் பிரிவுக்காரர் இரண்டே நிமிஷத்தில் குறட்டை விட்டார். எவ்வளவு ஆழமாகப் போய்விட்டார் பாருங்கள் என்று பயிற்சியாளர் அவருக்குக் கைதட்டச் சொன்னார்.

நான் தூங்கவில்லை. எங்கள் கடையில் ஃப்ளோர் மேனேஜர் பதவி காலியாக இருந்தது. எனக்கு அது வேண்டும். அதனால் ஆளுக்கு ஒரு வாக்கியத்தில் விஷனை எழுதுங்கள் என்றதும், பேனாவைக் கடித்துக் கடித்து இப்படி எழுதினேன்: "என் தளத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு பெண்ணும் தலைநிமிர்ந்து நிற்பாள்."

எழுதியதைப் படித்து எனக்கே கண் கலங்கியது. சின்ன முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். அதுவரை அக்கா என்று கூப்பிட்டவர் அன்றைக்கு மேடம் என்றார். அடுத்த வாரமே, நான் கைகட்டி நிற்கும் படத்தோடு அந்த வாக்கியத்தை லேமினேட் செய்து இரண்டாவது மாடி லிஃப்ட் பக்கத்தில் மாட்டிவிட்டார்கள்.

காலையில் என் பிரிவுப் பெண்கள் எல்லாரும் அதன் முன்னால் கூடி நின்று படித்தார்கள். கோட்டூர்புரத்திலிருந்து வருகிற ஒருத்தி, ஆறு மாதக் கர்ப்பிணி, வாய் கொஞ்சம் நீளம். படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, இப்ப மட்டும் இன்னா படுத்துகினா கீறோம்?"

கவுன்டர் மொத்தமும் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் வேலையைப் பாருங்கடி என்று கத்திவிட்டேன்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எங்கள் கடையிலும் கவுன்டருக்கு இரண்டு ஸ்டூல் வாங்கினார்கள், படம் பிடித்தார்கள். மறுநாளே அவற்றின்மேல் உள்பாவாடைப் பெட்டிகள் ஏறிவிட்டன. யாரும் உட்காரக் கூடாது என்று எவரும் சொல்லவில்லை. சொல்வார்களா? உட்காருகிறவர்களின் பெயரை எழுத ஒரு நோட்டு மட்டும் கொடுத்தார்கள். எழுதியது நான்தான். நாலைந்து தடவை பெயர் வந்த பெண்கள் அடுத்த மாதம் வேலைக்கு வருவதில்லை. டாக்டர் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று சொல்லி, உட்காரலாமா என்று இதே கோட்டூர்புரத்துப் பெண் என்னிடம் கேட்டபோது, கூட்டம் குறையட்டும், பார்க்கலாம் என்றேன். ஆடித் தள்ளுபடியில், தி.நகரில், கூட்டம் குறையட்டுமாம். என் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

படம் மாட்டிய அன்று மத்தியானம் அவள் மேல்தட்டிலிருந்து சேலை எடுக்க எம்பியபோது காலைப் பார்த்தேன். கணுக்கால் எலும்பே தெரியவில்லை. செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. காலையில் வந்த கோபம் இருந்த இடம் தெரியவில்லை. பெட்டிகளை நானே இறக்கி வைத்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"உக்காரு" என்றேன்.

"வேணாங்கா. சின்னவர் பாத்தா வேலை பூடும்."

"பாக்கட்டும். நான் சொல்லிக்கறேன். மேனேஜர் வேலை போனா போவட்டும், நீ உக்காரு."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு விட்டாள். பக்கத்திலிருந்தவள் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். எனக்கு, சும்மா சொல்லக் கூடாது, ரொம்பப் பெருமையாக இருந்தது. இந்தப் பெருமை ஐந்து நிமிஷம் நீடித்திருக்கும்.

லிஃப்ட் திறந்தது. சின்ன முதலாளியின் குரல் கேட்டது.

"எழுந்திரு, எழுந்திரு" என்றேன். தோளைப் பிடித்தே தூக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

அவர் போனில் யாரோடோ பேசிக்கொண்டே வந்தார். எங்களைத் தாண்டிப் போய் மாடிப்படி வழியாக மேலே ஏறினார். எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டூலை அவள் பக்கம் மறுபடி தள்ளினேன்.

"போயிட்டாரு. நீ உக்காரு."

அவள் நின்றபடியே ஒரு சேலையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"அவரு இன்னாக்கா பண்ணாரு" என்றாள்.