லூடோ ஆடிய வாச்சர்

ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதே, அதற்கு அடுத்த வருஷம். வரிசையில் கேனை வைத்துவிட்டு நான் வெயில் காய்வேன், அது வேறு கதை. தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பிரஷர் பார்க்கப் போனபோதுதான் அவரைக் கண்டேன். உடப்புசல்லாவைப் பக்கம் பெக்டரியில் காவல் பார்க்கும் வாச்சராக இருந்தவராம், இங்கே மகள் வீட்டுக்கு வந்திருந்தார். காதை மூடிய கம்பளித் தொப்பி, என் வயதுதான். போனில் லூடோ ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காய் நகர்த்தும் முன்பும் விரலை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்துக்கொள்வார்.

போனிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அண்ணே, நேத்து ஏன் வரல? பயந்துட்டோம்ல. மாத்திரை போட்டீங்களா?"

"யாருங்க, தங்கச்சியா?" என்றேன்.

"இந்தியாவுல கோத்தகிரிக்காரங்க. மொகம் பாத்ததில்ல. நாலு பேரு சேந்து ஆடுறோம், ஒரு நாளு வரலைன்னா தேடுறாங்க."

எனக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளைகள் மூன்று பேர் கொழும்பில் இருக்கிறார்கள். மாத்திரை போட்டேனா என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"நீங்களும் வாங்களேன், சொல்லித் தாரேன். நாலு பேருல ஒருத்தரு வெலகுறாரு, ஒரு எடம் காலியாவுது" என்றார்.

"எனக்கு வேல கெடக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன். லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பொழுது சாயும்வரை எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவரைக் காணவில்லை. உடப்புசல்லாவைப் பக்கம் போகிறவர்கள் அவரைப் பார்த்தால் சொல்லுங்கள், அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை என்று. ஆட்டத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.