கூப்பிட்டால் வந்துவிடும்

பத்து வருடத்துக்கு முன், எழுபத்தெட்டில் என்று ஞாபகம், மல்லசமுத்திரத்தை ஒட்டிய மேட்டுக்காட்டில் ஒரு சினிமாப் படப்பிடிப்பு நடந்தது. சேலத்தில் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்த என் கணவரிடம் எங்கள் பெண் குதிரையைக் கேட்டு வந்தார்கள். மெட்ராசிலிருந்து கொண்டுவந்த குதிரை ஒன்று நொண்டிவிட்டதாம். அவருக்கு மனசே இல்லை. நான்தான் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தேன். மல்லசமுத்திரம் என் பிறந்த ஊர். சொந்தபந்தம் முழுக்க வேடிக்கை பார்க்க வரும். பெருமையடிக்க இதைவிட்டால் வேறு சமயம் ஏது?

தினமும் கொள்ளு வைப்பது நான். "வா சாமி" என்று ஒரு குரல் கொடுத்தால் எங்கிருந்தாலும் வந்துவிடும். இதையும் அன்று காலையிலேயே படக் கம்பெனி மானேஜரிடம் பீற்றிக்கொண்டேன்.

சண்டைக் காட்சியில் ஓடிவரும் குதிரை குப்புற விழ வேண்டும். முன்னங்கால்களில் நீளமான கம்பியைக் கட்டி, மறுமுனையைத் தரையில் அடித்த முளையில் கட்டினார்கள். கம்பி தீர்ந்ததும் கால் இழுபட்டு விழும். விழும் இடத்தில் மணல் கொட்டியிருந்தார்கள். முதல் தடவை மணலில் விழுந்து எழுந்தது. உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கியது. சரியாக வரவில்லை, இன்னொரு தடவை என்றார்கள். இந்த முறை அதன் மேலே உட்கார்ந்திருந்த சண்டைக்காரர் எவ்வளவு உதைத்தும் அது ஓரடி நகரவில்லை.

மானேஜர் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க கூப்பிட்டா வரும்னீங்களே?"

"வேண்டாமுங்க, அது பயந்துக்கிச்சு" என்றார் என் கணவர். என் பக்கம் திரும்பி, "நீ கூப்புடாத. சொன்னாக் கேளு" என்றார்.

கேட்டேனா? கதாநாயகன் என்னைப் பார்க்கிறார், ஊரே பார்க்கிறது. ரவிக்கைக்குள் கிடந்த சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, காமிராவுக்குப் பக்கத்தில் போய் நின்று கூப்பிட்டேன்.

காதை நிமிர்த்தியது. ஓடி வந்தது. மணல் பக்கம் போகாமல் நேராக என்னை நோக்கியே வந்தது. கம்பி இழுத்த இடம் கட்டாந்தரை. கால் முறிந்த சத்தம் கூட்டத்தின் கடைசி வரை கேட்டது. "பிரமாதம்!" என்று கத்தினார் டைரக்டர். அந்தி சாய்வதற்குள் எல்லாச் சாமானும் வேனில் ஏறிவிட்டது.

மறுநாள் காலை மாட்டு டாக்டர் வந்து, இனிப் பிழைக்காது என்று ஊசி போட்டு முடிக்கும் வரை அது கொள்ளு தேடி என் உள்ளங்கையை முகர்ந்துகொண்டே கிடந்தது.

என் கணவர் அதன் பிறகு ஜட்காவைத் தொடவில்லை. லாரி செட்டில் மூட்டை தூக்கப் போனார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். படம் வந்தபோது அந்தக் காட்சிக்குக் கொட்டகையே விசிலடித்தது.

எங்கள் பக்கம் பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவோம். என் பிள்ளைகளை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. டைரக்டரையும் மானேஜரையும் எத்தனையோ தடவை திட்டித் தீர்த்தாயிற்று. ஆனால் விழத்தான் போகிறது என்று தெரிந்தே நான் கூப்பிட்டேன், விழுவோம் என்று தெரிந்தும் அது வந்தது, கூப்பிட்டது நான் என்பதால்.