விட்டுப்போன ஒரு வரி

காரைக்குடியில் நானும் செல்வமும் சேர்ந்து இணையதளம் செய்து தரும் அலுவலகம் நடத்தினோம். கண்டனூரில் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஒரு பெரிய வீட்டுக்கு, முன்பதிவுப் பக்கத்தை அவன் பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதினான். ஒருமுறை ஒரே முகூர்த்தம் இரண்டு பேருக்குப் பதிவாகிவிட்டது. தப்பு அவனுடையது என்றேன், அவன் ஒப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை காலை வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம், கெளம்பு" என்றேன்.

போய்விட்டான், பிறகு அலுவலகத்துக்கு வரவேயில்லை. நாலாவது மாதம் நெஞ்சுவலியில் இறந்தும்போனான். வீம்பில் நான் துக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

போன மாதம் அதே தளத்தில் ஒரு புதுப் பகுதியைப் பைத்தான் என்ற வேறு மொழியில் எழுதிச் சேர்த்தேன். ஒரே சர்வரில் இரண்டு மொழியும் ஓட வேண்டும். செல்வத்தின் பக்கங்களைப் பிஎச்பிக்கு அனுப்பும்படி சர்வருக்குச் சொல்லும் ஒரு வரியைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

அந்த வீட்டு மேனேஜர் போன் செய்தார். "என்னங்க, தேதி பாக்கப் போனா பக்கம் பூரா இங்கிலீஷா கொட்டுது. நடுவுல தமிழ்ல ரெண்டு வரி கெடக்கு. பாத்தீகளா?"

பார்த்தேன். அவன் எழுதிய நிரல் ஓடாமல், எழுதியது எழுதியபடியே திரையில் கிடந்தது. நடுவில் அவன் தனக்கென்று எழுதிவைத்த குறிப்பு: "மாப்ள சொன்னதுதான் சரி, தப்பு என்னோடது. திருத்திட்டேன். திங்கக்கிழமை அவன்கிட்டச் சொல்லணும்."

என்னை அவன் மாப்ள என்றுதான் கூப்பிடுவான்.

விட்டுப்போன வரியைச் சேர்த்தேன். பக்கம் ஒழுங்காக வந்தது, நிரலோடு குறிப்பும் திரையிலிருந்து மறைந்துவிட்டது.

நாலு மாதம் அவன் உயிரோடு இருந்தான். அந்தக் கோப்பு என் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒருநாள்கூட நான் திறந்து பார்க்கவில்லை.