மல்லாட்டைத் தூசியும் ஒரு தலையணையும்

எனக்கு மூச்சு அடைத்தால் வீட்டில் பழி விழுவது மல்லாட்டைத் தூசி, அதாவது வேர்க்கடலைத் தூசி மேல்தான். கணவர் திண்டிவனத்தில் மல்லாட்டை உடைக்கும் மில்லில் வேலை பார்ப்பதால், அவர் மேலும் சேர்த்து விழுந்தது. வெளியிலேயே குளித்துவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கப் பழகிக்கொண்டார். நான் உள்ளறையில் அவருடைய பழைய தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். அவர் வாசம் போய்விடுமே என்று உறையைத் துவைக்கக்கூட மனசு வரவில்லை.

ஊதவைத்துப் பார்த்து, ஆஸ்துமா என்று விழுப்புரம் டாக்டரம்மா முன்பே சொல்லிவிட்டார். எதனால் என்று தெரியவேண்டும். மல்லாட்டைதான் என்றால் மில்லை விட்டுவிடுவதாகக் கணவர் சொல்லியிருந்தார். வேறு வேலை அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தப் பயம்தான்.

சோதனைக்காக, சாப்பிட்டுவந்த அரிப்பு மாத்திரையைச் சில நாள் நிறுத்திவிட்டுப் போனேன். டாக்டரம்மா முன்கையில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் சொட்டுச் சொட்டாக மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார். இது வீட்டுத் தூசி, இது பூஞ்சை, இது மல்லாட்டை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“சொறியாம உக்காருங்கம்மா. எது தடிக்குதுன்னு பாக்கலாம்.”

மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றியது. கையில் சொட்டுகள் மினுங்கின. கை யாருடையதோ போலிருந்தது. கண் சொக்கியது. களத்தில் காயும் மல்லாட்டைக்கு நடுவே அவர் தூசியோடு நடந்து வருகிறார். நான் மூச்சு முட்டாமல் சிரிக்கிறேன். கனவா நினைப்பா தெரியவில்லை. அரிப்புதான் எழுப்பியது.

டாக்டரம்மா அளந்து பார்த்தார். “மல்லாட்டை தடிக்கவே இல்ல. மூச்சு எப்ப அடைக்குது?”

“காலையில, படுக்கைய விட்டு எழுந்துக்கும்போதுங்க.”

“மல்லாட்டை தின்னா?”

“தெனம் தின்னுக்கினுதாங்க இருக்கேன்.”

அவர் சிரித்துவிட்டார். நன்றாகத் தடித்திருந்தது வீட்டுத் தூசி. அதில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமாம். மெத்தையிலும் துவைக்காத தலையணையிலும்தான் அதிகமாம். எனக்கு முகம் சுட்டது. பூச்சியை வளர்த்தது நான், வெளியே படுத்தது அவர்.

நான் திரும்பி வந்து இறங்கியபோது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கணவர் மில் சட்டையோடு தள்ளியே நின்றார்.

“இன்னா சொன்னாங்க? மல்லாட்டையா?”

“இல்லீங்க, உங்க தலைகாணி.” கிட்டே போய் அவர் தோளில் இருந்த தூசியைத் தட்டிவிட்டேன். “அத வெந்நியில போட்டுடறேன். நீங்க உள்ள வந்து படுங்க.”