பண்டிப் பாணில செய்த சத்தியம்

நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில கிம்புலா பணிஸ் ஒண்டு வாங்கினன். முதலை மாதிரி நீட்டி, மேல சீனி தூவின பணிஸ், தெரியும்தானே மச்சான். வாலைக் கடிச்ச உடன எங்கட பழைய மனேஜரின்ர மூஞ்சை வந்து நிண்டுது. மிச்சம் இறங்கேல்ல. நாய்க்குப் போட்டன்.

கேம்பஸ் முடிச்ச கையோட துறைமுகப் பக்கத்துப் பட்டறை ஒண்டில கிளார்க்கா இருந்தனான். பாரம் தூக்கிற வின்ச் பூட்ட வந்த ஜெர்மன்காரன் கார்லுக்கு, அவன்ர இங்கிலீசைத் தமிழில சொல்லுற வாய் நான்தான். அவன் சேர்ச்சுக்குப் போறேல்ல. இயேசுவுக்கு முந்தி அவன்ர ஆக்கள் கும்பிட்ட பழைய சாமியளைக் கும்பிடுறவன். மார்கழி இருபத்தொண்டு அளவில, அங்க இருட்டு முத்தின நேரம், சூரியன் திரும்பி வரோணுமெண்டு யூல் எண்டு ஒரு கொண்டாட்டமாம். இஞ்ச சூரியன் எங்க போனது எண்டு நக்கலடிச்சன். ஆனா அந்தக் கிழமை அடிச்ச மழையில உண்மையாவே வெயிலைக் காணேல்ல.

யூலுக்கு ஒரு ஆண்பண்டி வேணும். அதின்ர தலையில கைவைச்சு, வாற வருசம் செய்யப்போறதை எல்லாருக்கும் முன்னால சத்தியம் பண்ணோணும். பாணில பண்டி செய்தாலும் சரி எண்டான். பேக்கரி வைச்சிருந்த முஸ்லிம் நானாட்டப் போய்க் கேட்டன்.

"தம்பி, முதலை கேளுங்க, மீன் கேளுங்க. இது மட்டும் ஏலாது."

கடைசியா கன்ரீன் மேரியக்கா தன்ர குசினியில சுட்டுத் தந்தா, சிலுவை போட்டுட்டுத்தான் அடுப்பில வைச்சவ. பாக்க எலி மாதிரி இருந்துது. கார்லுக்குக் கண் கலங்கிட்டுது.

மத்தியானம் பட்டறையில பியர் சுத்தி வந்துது. முதல் மிடறைச் செத்தவைக்கெண்டு கார்ல் நிலத்தில ஊத்தினான். நான் சிகரெட்டை விடுறனெண்டு சத்தியம் பண்ணினன், மூண்டு நாள் தாங்கிச்சுது. பிறகு மனேஜர் எழும்பிப் பண்டிப் பாணின்ர தலையில கைவைச்சார். ஆறு வருசமா கசுவலாக் கிடந்த வெல்டர் தேவராசா அண்ணையை, திரியாயில இருந்து பஸ் ஏறி வாற மனுசனை, தை மாசம் பெர்மனன்ட் ஆக்குவன் எண்டார். கார்ல் ரெண்டாம் தரமும் சொல்ல வைச்சான். தேவராசா அண்ணை தன்ர பாண் துண்டைச் சாப்பிடேல்ல. மனுசிக்குக் காட்டவெண்டு பேப்பரில சுத்திக் கொண்டு போனார்.

தை மாசம் லிஸ்ட் வந்துது. மனேஜரின்ர தமக்கையின்ர மகன்ர பேர். தேவராசா அண்ணை கேக்கப் போக, நானும் கார்லும் பின்னால போனம்.

"என்ன தேவராசா, விளையாடுறியே? கற்பூரம் கொளுத்தியே சத்தியம் பண்ணினனான்? அது பாண்."

வெள்ளிக்கிழமை தவறாமக் கோயிலில தேங்காய் உடைக்கிற ஆள் மச்சான். இப்பவும் வயிறு எரியுது.

என்னவாம் எண்டு கார்ல் என்னைப் பாத்தான். எனக்கும் அப்ப வேலை நிரந்தரமில்லை. கொழும்பு ஹெட் ஒபிசில சுணங்குதாம், அடுத்த மாசம் கட்டாயம் கிடைக்குமாம் எண்டு இங்கிலீசில சொன்னன். தேவராசா அண்ணைக்கு அவ்வளவு இங்கிலீசு விளங்கும்.

"நல்லாக் கதைக்கிறீர் தம்பி," எண்டிட்டுப் போயிட்டார்.

பங்குனியில கார்ல் ஊருக்கு வெளிக்கிடேக்க, தேவராசா அண்ணைக்கு வேலை கிடைச்சிட்டுதெண்டு நான் சொன்னதை நம்பி மனேஜரைக் கட்டிப்பிடிச்சு, நீங்கள் சொன்ன சொல்லுக்கு நிக்கிற மனுசன் எண்டான். அதையும் தமிழில சொன்னது நான்தான். அந்தாள் வெக்கமில்லாமச் சிரிச்சுது.

இப்ப பட்டறை இல்லை, கூரைத் தகரத்தையும் கழட்டிட்டாங்கள். மனேஜர் ஓர்ஸ் ஹில்லில பென்சனோட சுகமா இருக்கிறார். தேவராசா அண்ணை கடைசிமட்டும் கசுவல்தான். சவூதிக்குப் போயிட்டார், என்னட்டச் சொல்லேல்ல. கார்ல் மார்கழிக்கு மார்கழி கார்ட் போடுவான். தேவராசாவுக்கு வேலை எப்பிடிப் போகுது எண்டு கேப்பான். ஓம், நல்லாப் போகுது எண்டு நாலு தரம் எழுதினனான்.

இந்த முறை உண்மையை எழுதிப் போட்டன். கடிதம் திரும்பி வந்திட்டுது. உறையில அவன்ர பேரை வெட்டி, மேல ஜெர்மன்ல என்னவோ எழுதியிருக்கு. வாசிச்சுச் சொல்ல இஞ்ச ஒருத்தனும் இல்லை.